தரையில் ஒரு சொட்டு இல்லை, டேங்கில் மட்டும் குறைகிறது: கூலன்ட் எங்கே போகிறது?

இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துப்போகிற திரவம்தான் கூலன்ட். அது குறைந்துகொண்டே இருக்கிறது. வண்டி நிற்கிற இடமோ காய்ந்து கிடக்கிறது. இதைச் சொன்னதும் பல ஒர்க்‌ஷாப்களில் வருகிற முதல் பதில், “ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இறக்கிப் பாத்துடலாம்.” இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் வைக்கிற அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஹெட்டை இறக்குவது நோய் இன்னதென்று தெரிந்த பிறகு செய்கிற அறுவை. நோய் என்ன என்று பார்ப்பதற்காக அதைச் செய்யக் கூடாது. புது கேஸ்கெட், லேத்தில் ஃபேசிங், புது போல்ட், டைமிங் செயின் வேலை எல்லாம் முடிந்து வண்டி வெளியே வந்த இரண்டாவது வாரமே டேங்கில் பழையபடி இறங்கியிருந்தால் போன பணம் போனதுதான். கடைசியில் காரணம் சில நூறு ரூபாய் ரேடியேட்டர் மூடியாக இருப்பதும் உண்டு.

இந்த வேலையில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: ஒவ்வொரு கசிவுக்கும் ஒரு நேரம் உண்டு. சில கசிவுகள் இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போதுதான் திறக்கும். சில, எல்லாம் ஆறிச் சுருங்கிய பின்னிரவில். சில, ஏசி போட்டு ஐந்து பேரை ஏற்றி மலையேறும்போது. நாம் பானட்டைத் திறப்பதோ கை வைக்க வசதியான நேரத்தில், அதாவது சூடும் அழுத்தமும் இறங்கிய பிறகு. அப்போது கசிவு மூடிக்கொண்டிருக்கும். அதனால் ‘எங்கே’ என்று தேடுவதற்கு முன்னால் ‘எப்போது’ என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். எத்திலீன் கிளைக்கால் என்கிற திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதையே 1.1 பார் மூடி போட்டு அடைத்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். 1.1 பார் என்பது சுமார் 16 பிஎஸ்ஐ. டயரில் அடிக்கிற காற்றில் பாதி. வண்டி ஓடும்போது ஒவ்வொரு ஹோஸ் முனையும், ஒவ்வொரு ரப்பர் வளையமும், ரேடியேட்டரின் ஒவ்வொரு மடிப்பும் இந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஆறிய இன்ஜினில் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். வித்தியாசம் அவ்வளவு.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இன்ஜினை அணைத்ததும் வாட்டர் பம்ப் நின்றுவிடுகிறது. ஆனால் ஹெட்டிலும் பிளாக்கிலும் இருக்கிற சூடு எங்கும் போவதில்லை. தேங்கி நிற்கும் கூலன்டுக்குள் அது இறங்கிக்கொண்டே இருக்கும். அணைத்த சில நிமிடங்களுக்குச் சூடும் அழுத்தமும் ஓடும்போது இருந்ததைவிட ஏறும். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தி, நாம் கை கால் கழுவிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பல கசிவுகள் நடக்கின்றன. விழுகிற சொட்டும் 90 டிகிரி உலோகத்தின் மேல் விழுந்து அங்கேயே காய்ந்துவிடும். தப்பித்துக் கீழே வருவதை இன்ஜினுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டு வாங்கிக்கொள்ளும். தரை காய்ந்திருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

அதனால் முதல் வேலை அளப்பது. காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், சமதரையில், எப்போதும் ஒரே இடத்தில் வண்டியை வைத்து, டேங்கில் கூலன்ட் நிற்கிற மட்டத்துக்கு நேராக மெல்லிய டேப் ஒட்டுங்கள். பக்கத்தில் தேதியும் கிலோமீட்டரும். மாலையில் வந்து சூட்டோடு பார்த்த மட்டத்தைக் காலை மட்டத்தோடு ஒப்பிடக் கூடாது. சூட்டில் கூலன்ட் சுமார் 4 சதவீதம் விரிகிறது. 4 லிட்டர் பிடிக்கிற சிறிய காரில் அது 160 மில்லி வரும். நேற்று நிறைய இருந்தது, இன்று காணோம் என்று பதறுகிற பலருக்கு உண்மையில் ஒன்றுமே குறைந்திருக்காது.

ஊற்றும்போது குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும். கலந்து வைத்த கூலன்டை அதில் அளந்து ஊற்றி, எத்தனை மில்லி என்று எழுதிவையுங்கள். இரண்டு வாரம் இப்படி எழுதினால் ஒரு கோலம் தெரியும். நான்கு நாள் வண்டியை எடுக்கவே இல்லை, ஆனாலும் இறங்கியிருக்கிறது என்றால் அது ஆறிய நிலையில் திறக்கும் கசிவு. குறைவது கிலோமீட்டரைப் பொறுத்து இல்லை, எத்தனை தடவை சூடாகி ஆறியது என்பதைப் பொறுத்து இருக்கிறது என்றால் ஹோஸ் முனை, மூடி, அணைத்த பிறகு ஏறும் அழுத்தம் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். ஊருக்குள் நெரிசலில் மட்டும் குறைகிறதா? ரேடியேட்டர் ஃபேன் சரியான சூட்டில் போடுகிறதா, ஏசியின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் வேகமாகப் போனாலோ மலையேறினாலோ மட்டும் குறைந்தால்தான் கேஸ்கெட் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். அப்போதுதான் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்.

கூலன்ட் மாற்றியோ வாட்டர் பம்ப் மாற்றியோ ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் கவலைப்பட வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று நாலைந்து தடவை சூடாகி ஆறும்போது வெளியேறி, அந்த இடத்துக்குக் கூலன்ட் இறங்கும். அதன் பிறகு மட்டம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து, உங்கள் வண்டியில் மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல ஜப்பானிய வகைச் சிறு கார்களில் அழுத்த மூடி ரேடியேட்டர் தலையில் இருக்கும். பக்கத்தில் இருக்கிற வெள்ளை ரிசர்வ் டேங்கில் அழுத்தம் கிடையாது. ஐரோப்பிய வகைகளில் டேங்கே அழுத்தத்தில் இருக்கும், மூடி அதன் மேலேயே இருக்கும். இரண்டுக்கும் நோய்க்குறி வேறு.

ரிசர்வ் டேங்க் வகையில் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு: டேங்க் நிறைய இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். சூட்டில் விரிகிற கூலன்ட் மூடியின் பெரிய ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு டேங்குக்குப் போகிறது. ஆறும்போது மூடியின் நடுவில் இருக்கிற சின்ன வால்வு திறந்து அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால் போனது திரும்பாது. காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போன மாதிரி உள்வாங்கி இருந்தால் காரணம் இதுதான். மூடி நன்றாக இருந்து, டேங்குக்குப் போகிற மெல்லிய ஹோஸில் கூலன்ட் மட்டத்துக்கு மேலே ஒரு வெடிப்பு இருந்தாலும் இதே கதை: ரேடியேட்டர் கூலன்டை இழுப்பதற்குப் பதில் காற்றை இழுக்கும். அதனால் இந்த வகை வண்டிகளில் டேங்கை மட்டும் பார்த்துவிட்டு ‘ஓகே’ என்று மூடிவிடாதீர்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே வாய் வரை நிற்கிறதா என்று பாருங்கள்.

முழுக்க ஆறிய பிறகு என்று சொன்னேன். 110 டிகிரியில் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கூலன்ட், மூடி திறந்த நொடியில் ஆவியாகிச் சீறும். முகம், கழுத்து, கை எல்லாம் வெந்துபோகும். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று, சூடு இல்லாமல் இருக்க வேண்டும். அதுவரை மூடியில் கை வைக்காதீர்கள். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

மூடியைக் கையில் எடுத்தால் கீழ் ரப்பரைப் பாருங்கள். ரேடியேட்டர் வாயின் வட்டம் அதில் ஆழமாகப் பதிந்து, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் அது தன் எண்ணைத் தாங்காது. 1.1 என்று அச்சிட்டிருக்கும் மூடி 0.6இல் திறந்தால் கொதிநிலையும் கூடவே இறங்கும். அழுத்த டேங்க் வகையில் இப்படிப்பட்ட மூடி வழியாக ஆவி மட்டும் போய்க்கொண்டே இருக்கும், எங்கும் ஈரமே தெரியாது. இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆவியாகப் போவது பெரும்பாலும் தண்ணீர். கிளைக்கால் உள்ளேயே தங்கிவிடும். டாப்-அப் செய்யாமல் விட்ட வண்டியில் கலவையில் கிளைக்கால் எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும்போது, 50 சதவீதம் ஊற்றிய கலவை 55, 60 என்று ஏறியிருந்தால் போனது ஆவி. 50இலேயே நின்றால் போனது திரவம். மூடி சோதிக்கும் அடாப்டர் எல்லா நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கும். இல்லாவிட்டால் அதே எண் போட்ட புது கம்பெனி மூடி ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதிக எண் உள்ள மூடி போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பழைய ரேடியேட்டரும் ஹோஸும் அந்தக் கூடுதல் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

இனி கண்ணால் தேடுவது. கையில் நல்ல டார்ச், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி. தேட வேண்டியது ஈரத்தை அல்ல, காய்ந்த தடத்தை. கூலன்ட் காயும்போது அதன் சாயமும் உப்பும் அங்கேயே தங்கும். ஹோஸ் கிளாம்புக்கு அடுத்து, அலுமினியக் குழாயின் கழுத்தில், சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெளிறிய பொருக்கு இருக்கும். நகத்தால் சுரண்டினால் உள்ளே இளஞ்சிவப்போ பச்சையோ தெரியும். அதற்குக் கீழே அரிசி அகலத்துக்கு ஒரு கோடு இறங்கி, பிளாக்கில் எங்கோ முடிந்திருக்கும். அந்தக் கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்து போக வேண்டும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும், ஆனால் கசிவு பிறந்த இடம் பெரும்பாலும் தடத்தின் மேல்முனையில்தான்.

ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் மடித்துப் பிடித்திருக்கும் ஓரத்தை முழுநீளத்துக்கும் பாருங்கள். அங்கே இருக்கும் ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டால், ஆறிச் சுருங்கும்போது கொஞ்சம் விடும், சூட்டில் மறுபடி இறுகிக்கொள்ளும். தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) இருக்கிற கூட்டின் இணைப்பு, த்ராட்டில் பாடிக்குப் போகிற விரல் தடிமன் ஹோஸ்கள், டர்போ இருந்தால் அதற்குப் போகும் குழாய்கள், இன்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வாலில் ஹீட்டருக்குள் நுழைகிற இரட்டை ஹோஸ், டேங்கின் அடித் தையல். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள் சீல் போனால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறட்டும் என்று வேண்டுமென்றே விட்ட துளை அது. அதைச் சுற்றி லேசான கறை இருந்தால் பரவாயில்லை. கீழே தடம் ஓடியிருந்தால் பம்பை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. பெல்ட் இதைச் சுற்றிச் சிதறடிப்பதால் சொட்டு ஒரே இடத்தில் விழாது.

கிளாம்ப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனியில் போட்டு வருகிற ஸ்பிரிங் கிளாம்பைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ கிளாம்ப் போட்டு முறுக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். ஸ்பிரிங் கிளாம்ப் ஹோஸ் விரியும்போது விரியும், சுருங்கும்போது கூடவே சுருங்கும். ஸ்க்ரூ கிளாம்ப் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். அளவுக்கு மேல் முறுக்கினால் ரப்பரையும் வெட்டும். காலைக் குளிரில் மட்டும் கசிந்து சூடானதும் நின்றுவிடும் கசிவுகளில் இது ஒரு பெரிய பங்கு.

பயணி பக்கம் கீழே சொட்டுகிற தெளிந்த தண்ணீரைக் கண்டு குழம்ப வேண்டாம்; அது ஏசி தண்ணீர். வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் ஒற்றிப் பாருங்கள். நிறம் இல்லை, வழுவழுப்பு இல்லை, காய்ந்தால் தடம் இல்லை என்றால் ஏசிதான்.

கண்ணுக்கு எதுவும் அகப்படாவிட்டால் அழுத்தச் சோதனை. மூடி இருந்த இடத்தில் அழுத்தம் காட்டும் முள் வைத்த கைப்பம்பு மாட்டி, மூடியில் அச்சிட்ட எண் வரை ஏற்ற வேண்டும். அதற்கு மேல் போகக் கூடாது. இதில் நடக்கிற தவறு, ஓடி வந்த சூட்டோடு வண்டியில் மாட்டி, அணைத்துவிட்டு முள் இறங்குவதைப் பார்த்து ‘கசிவு இருக்கு’ என்று சொல்லிவிடுவது. ஆறிக்கொண்டிருக்கும் இன்ஜினில் கசிவே இல்லாவிட்டாலும் முள் இறங்கும். ஒன்று, இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியில் செய்ய வேண்டும்; இல்லை, ஆறியிருக்கும்போதே பம்பை மாட்டிவிட்டு, சூடேறி நிலைத்து ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில், ஏறும் அழுத்தம் மூடியின் எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். இரண்டையும் செய்தால் இரண்டு வகைக் கசிவுக்கும் பதில் கிடைக்கும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கழற்றவும் வேண்டாம். வாரத்துக்கு 200 மில்லி போகிற கசிவு என்பது நாளைக்கு 30 மில்லிக்கும் குறைவு. முள் அசைவதற்கே நேரம் பிடிக்கும். குறைந்தது 20 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூவால் ஒற்றிக்கொண்டே வாருங்கள்.

அதிலும் தெரியாவிட்டால் யூவி சாயம். கூலன்டுக்கென்று விற்கும் சாயத்தைப் புட்டியில் போட்டிருக்கும் அளவில் ஊற்றி, மூன்று நான்கு நாள் வழக்கம்போல் ஓட்டி, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசிந்த இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். நாம் பார்க்காதபோது நடந்த கசிவை நமக்காகக் குறித்து வைக்கிற வழி இது என்பதால், விட்டு விட்டு நடக்கும் கசிவுக்கு இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். டர்போ கார்களில் இன்ஜின் பின்புறமும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலும் அடித்துப் பார்க்காமல் விடாதீர்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 பெட்ரோல் இன்ஜினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு அப்படித்தான் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அது கசிவதில் பேர்போனது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

காருக்குள்ளேயும் ஒரு ரேடியேட்டர் இருக்கிறது: டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர். நம் ஊர் வெயிலில் ஹீட்டரைப் போடுவதே இல்லை என்பதால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. ஆனால் பெரும்பாலான கார்களில் கூலன்ட் அதற்குள் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது கசிந்தால் காரைத் திறந்ததும் இனித்த வாடை வரும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படியும். ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் கார்பெட்டைக் கையால் அமுக்கினால் பிசுபிசுக்கும். மேட்டை மட்டும் தொட்டுப் பார்த்தால் தெரியாது, அடியில் இருக்கும் பஞ்சு வரை விரல் போக வேண்டும்.

வெளியில் எல்லா இடமும் சுத்தம் என்று உறுதியான பிறகுதான் இன்ஜினுக்குள் போக வேண்டும். இங்கும் ஹெட்டைத் தொடாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

காலையில் சைலென்சரிலிருந்து தண்ணீர் சொட்டுவதையும் கொஞ்சம் வெண்புகை வருவதையும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. குளிர்ந்த குழாயில் அது துளியாகத்தான் வரும். ஆயில் மூடிக்கு அடியில் இருக்கிற வெண்ணெய் போன்ற பசையும் அப்படியே. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது வெறும் ஈரப்பதம். சந்தேகத்துக்கு இடமானவை வேறு: இன்ஜின் சூடான பிறகும் நிற்காத, இனித்த வாடையுள்ள வெண்புகை, காலையில் ஸ்டார்ட் பண்ணிய முதல் அரை நிமிடம் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டித் தடுமாறி, பிறகு சரியாவது, ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ரேடியேட்டர் இன்னும் சில்லென்று இருக்கிறது, அதற்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிப்போவது. இந்தக் கடைசிக் குறி மிக வலுவானது. சூடே ஏறாத நேரத்தில் அழுத்தம் எங்கிருந்து வரும்? சிலிண்டரிலிருந்துதான்.

இதை உறுதி செய்ய நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயுவில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டால் திரவம் பெட்ரோல் இன்ஜினில் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். கூலன்ட் மட்டத்தைச் சற்று இறக்கி, இன்ஜினைத் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை சூடாக்கி, ஓடும்போதே மூடி இருந்த வாயிலிருந்து காற்றை இந்தத் திரவத்தின் வழியாக ஒன்றிரண்டு நிமிடம் இழுக்க வேண்டும். கூலன்ட் ஒரு சொட்டு உள்ளே ஏறினாலும் சோதனை பாழ். திரவம் உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் சைலென்சர் முனையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். அங்கே மஞ்சளாகாத திரவம் ரேடியேட்டரில் நீலமாக நிற்பதில் அர்த்தமே இல்லை. சும்மா நின்று ஓடும் வண்டியில் நீலமாகவே இருந்தாலும் கேஸ்கெட்டுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. மலையேற்றத்தில் மட்டும் திறக்கும் கேஸ்கெட் ஐடிலில் திறக்காது. நன்றாக இழுத்து ஓட்டி வந்த கையோடு செய்ய நினைத்தால், முதலில் அழுத்தம் இறங்க விட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இரவு வைத்துப் பார்ப்பது. மாலையில் ஆறிய இன்ஜினில் அழுத்தத்தை ஏற்றி, பம்பை அப்படியே மாட்டி விட்டுவிட வேண்டும். காலையில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, போனில் மாட்டுகிற போரோஸ்கோப் என்ற மெல்லிய குழல் கேமராவை ஒவ்வொரு துளைக்குள்ளும் இறக்க வேண்டும். மூன்று பிஸ்டன் தலை கரி படிந்து மங்கிக் கிடக்க, நான்காவது மட்டும் ஆவியில் கழுவிவிட்ட மாதிரி உலோகம் பளபளக்கும். ஓரத்தில் துளியாக ஒரு நிறம் தேங்கி நிற்கும். அதைப் பார்த்த பிறகு யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் அந்தத் துளையிலிருந்து தூவானமாகத் தெறிக்கும். கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அந்தச் சிலிண்டரின் பிளக் மட்டும் வெளுத்திருப்பது தெரியும். எதுவும் தெரியாவிட்டால் ஒவ்வொரு சிலிண்டரையும் பிஸ்டன் உச்சத்தில் நிறுத்தி, கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்தி, ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம்.

காலையில் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் ‘டக்’ என்று மோதி நின்றால் மறுபடி அடிக்கவே கூடாது. சிலிண்டரில் கூலன்ட் நிறைந்திருக்கலாம். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். அந்த நிலையில் முதலில் பிளக்குகள் வெளியே வர வேண்டும்.

ஆயிலுக்குள் கூலன்ட் போகிறதா என்பதற்கு டிப்ஸ்டிக் பால் காபி நிறமாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவு நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணாமல், ட்ரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால் ஆயிலைவிடக் கனமான கூலன்ட் முதலில் சொட்டும். ஆயில் ஒரு துளியைச் சூடான தகட்டில் விட்டால் தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று பொரியும். கலப்பு உறுதியானால் வண்டியை ஓட்ட வேண்டாம். கிளைக்கால் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். எதிர்ப்பக்கமாக, கூலன்டில் ஆயில் மிதந்தால் கேஸ்கெட்டுக்கு முன்னால் ஆயில் கூலரைப் பாருங்கள். ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட் அழுத்தத்தைவிட அதிகம், அதனால் கூலர் ஓட்டையானால் முதலில் ஆயில்தான் இந்தப் பக்கம் வரும்.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஈஜிஆர் கூலர். எரிந்த புகையைக் கூலன்டால் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்கு அனுப்பும் பெட்டி அது. உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் நேராகப் புகைப்பாதைக்குள் போய் எரிந்து வெளியேறும். வெளியே தடம் இல்லை, ஆயிலில் கலப்பு இல்லை. புகை எதிர்ப்பக்கமாகக் கூலன்டுக்குள் புகுந்தால் நீலத் திரவமும் நிறம் மாறிவிடும், ஹெட் கேஸ்கெட் என்றே நம்ப வைக்கும். நல்ல ஹெட்டுகள் வீணாக இறக்கப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம். கூலரை மட்டும் கழற்றி, ஒரு ஹோஸ் முனையை அடைத்து மறுமுனையில் அழுத்தம் கொடுத்து, வெந்நீரில் முக்கிப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் திறக்காத விரிசல் வெந்நீரில் குமிழி விடும். இதை அலட்சியமாக விடவும் கூடாது. 2018இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, ஈஜிஆர் கூலரிலிருந்து கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து சூடான புகையில் பற்றிக்கொண்டது என்பதுதான் அந்த நிறுவனம் சொன்ன காரணம். அந்த நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

உண்மையிலேயே கேஸ்கெட்தான் என்றால், ஏன் போனது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். ஒரு தடவை அதிகச் சூட்டில் ஓடி ஹெட் வளைந்திருக்கலாம். பல சிறு இன்ஜின்களில் அனுமதிக்கிற வளைவு 0.05 மில்லிமீட்டர்தான்; நேர்க்கோல் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்காமல் புது கேஸ்கெட் போட்டால் மறுபடி வரும். விரிசலுக்கு ஹெட்டைச் சூடாக்கி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சில இன்ஜின்களில் வடிவமைப்பிலேயே பலவீனம் உண்டு. ஃபோர்டின் 1.5 லிட்டர் ஈகோபூஸ்ட் நாலு சிலிண்டர் இன்ஜினில் சிலிண்டர்களுக்கு நடுவே பிளாக்கின் மேல்முகத்தில் கூலன்ட் ஓட வெட்டிய குறுகிய பள்ளம் இருந்தது. அதன் ஓரத்தில் கேஸ்கெட்டுக்குப் பிடிமானம் போதாமல் கூலன்ட் சிலிண்டருக்குள் நுழைந்தது. அப்படிப்பட்ட பிளாக்கில் கேஸ்கெட் மட்டும் மாற்றுவது தீர்வாகாது.

ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவை அடைத்துவிடும் என்று விற்கிற திரவத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கசிவு இருக்கிற ஓட்டையும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாயும் அதற்கு ஒன்றுதான். நின்றது கசிவா, ஓட்டமா என்று பிறகுதான் தெரியும். அதற்கு மேல், அது கலந்த கூலன்டில் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

கண்டுபிடிக்கும் வரை ஓட்ட வேண்டியிருந்தால் அதே வகைக் கூலன்டையே ஊற்றுங்கள், கலக்க டிஸ்டில்டு வாட்டர். போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து புது நோயை உண்டாக்கும். டாஷ்போர்டு முள்ளை முழுக்க நம்ப வேண்டாம். பல கார்களில் அது நடுவில் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. இன்ஜின் கணினியின் அளவுகளைப் படிக்கிற ஓபிடி அடாப்டர் ஒன்று மாட்டிப் போனில் உண்மையான டிகிரியைப் பாருங்கள். மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது காற்றில் நின்றுகொண்டு குறைந்த சூட்டையே காட்டும். ஏறிக்கொண்டிருந்த சூடு திடீரென்று விழுந்தால் உடனே ஓரம் கட்டி அணைத்துவிட வேண்டும். கீழே சிந்திய கூலன்டைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும். சிறிய அளவே அவற்றைக் கொன்றுவிடும்.

பழுது பார்த்து முடிந்ததும் காற்றை முழுக்க எடுக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பிளீடர் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும் வரை நிரப்பி, ஃபேன் இரண்டு தடவை போட்டு நிற்கும் வரை ஓட விட வேண்டும். மறுநாள் காலை ஆறிய நிலையில் நிரப்பிவிட்டுப் பழைய டேப்பைக் கிழித்துப் புது டேப் ஒட்டுங்கள். முதல் நாலைந்து நாளில் சற்று இறங்கும். அதை நிரப்பிய பிறகு, 500 கிலோமீட்டர் ஓடியும் மட்டம் டேப்பிலேயே நின்றால்தான் வேலை முடிந்தது.